வீட்டுப் பட்டறையும் நமது கணக்கும்

(மில் வாயிற்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கத்துக்கு வருகிற இளம் பிட்டர்கள், டர்னர்கள் எங்களிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஒரு பழைய லேத்து விலைக்கு வருகிறது, வீட்டில் போட்டு ஷிப்டு முடிந்த பிறகு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கலாமா?" என்கிறார்கள். சம்பளம் போதவில்லை, கேட்கிறார்கள். இதில் தவறென்ன?

கோவைக்கு இது புதிதல்ல. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின, கிணற்றில் மோட்டார் ஓடியது. ஓடுகிற யந்திரம் தேயும். தேய்ந்ததற்கு மாற்றுப் பாகம் வேண்டும். அப்படித்தான் தெருவுக்குத் தெரு பட்டறை முளைத்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு புஷ் கடைய 40 ரூபாய் கூலி. சரக்கு கொடுத்தவருடையது. முகம் சீவி, துளை போட்டு, போரிங் செய்து, வெளிவட்டம் கடைந்து வெட்டி எடுக்க அரை மணி. நாலு மணி நேரத்தில் எட்டு உருப்படி, 320 ரூபாய். கரண்டுக்கு 50, டூல், ஆயிலுக்கு 20. லேத்துக்கு மாதத் தவணை 5,000 என்றால், 26 நாளுக்குப் பிரித்தால் தினம் 190. மிச்சம் 60 ரூபாய். மணிக்குப் பதினைந்து! ஓர் உருப்படி அளவு தப்பினால் சரக்கின் விலையையும் பிடித்துக்கொள்வார்கள். அன்றைய உழைப்பு போயிற்று. பிசிறு ராவிய மனைவியின் கூலியை நாம் கணக்கில் எழுதவேயில்லை.

முன்பு மில்லுக்குள்ளேயே மிஷின் ஷாப் இருக்கும். டர்னருக்குச் சம்பளம், பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டு. அதே வேலை இன்று நம் திண்ணைக்கு வந்திருக்கிறது. யந்திரம் நம்முடையது, கடன் நம்முடையது, விரல் போனாலும் நம்முடையது. மொத்தமாகச் செய்யும் ஜாப் ஒர்க்கில் இறங்குமுன் இதை யோசியுங்கள்.

ஆனால் ஒற்றை ஒற்றையாக வரும் ரிப்பேர் வேலை வேறு. கிராமத்துத் தோழர்களுக்குத் தெரியும்: பயிர் வாடும்போது பம்புசெட் நின்றால் எந்த விவசாயியும் கம்பெனிப் பாகத்துக்குப் பத்து நாள் காத்திருக்க மாட்டார். அன்றே செய்து கொடுத்தால் கைமேல் காசு. இங்கேதான் கைதேர்ந்தவனுக்கு மதிப்பு.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தேய்ந்த புஷ்ஷை அளந்து அப்படியே கடைந்தால், தேய்மானத்தையும் சேர்த்துக் கடைந்தவர் ஆவீர்! புஷ் உட்காரும் கூட்டை அளக்க வேண்டும். ஷாப்டை, புஷ் உரசாத இடத்தில் அளந்து, உரசிய இடத்தோடு ஒப்பிட வேண்டும். ஷாப்டே பள்ளம் விழுந்திருந்தால் புது புஷ் ஒரு மாதம் தாங்காது. அதை விவசாயியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புஷ்ஷின் உலோகம் ஷாப்டைவிட மெதுவாக இருக்க வேண்டும். தேய்வது மலிவான புஷ்ஷாக இருக்கட்டும் என்றுதான் கன்மெட்டல் போடுகிறார்கள். மலிவுக்காக இரும்பில் செய்து கொடுத்து, ஷாப்டையே தின்ன வைத்த கதைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

வேகமும் அப்படியே. ஹைஸ்பீடு டூலில் சாதா இரும்பைக் கடைய நிமிஷத்துக்குச் சுமார் 30 மீட்டர் என்று வைத்தால், 25 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 380 சுற்று. தவணை நெருக்குகிறதென்று இரட்டிப்பாக ஓட்டினால் டூல்தான் எரியும்.

பாகத்தில் கம்பெனியின் பெயரைப் பொறிக்காதீர்கள், அது குற்றம். வீட்டு மின் இணைப்பில் லேத்து ஓட்டாதீர்கள், தனி இணைப்பு வாங்குங்கள். சக்கில் சாவியை விட்டுவிட்டு மோட்டாரைப் போடாதீர்கள். வேட்டி, துப்பட்டா, தளர்ந்த தலைமயிர் எதுவும் லேத்துப் பக்கம் வரக் கூடாது. குழந்தை தூங்கும் அறையில் லேத்தை வைத்திருக்கும் வீட்டையும் நாங்கள் கண்டோம். நெஞ்சு பதறிற்று.

ஒருவர் தலையில் மொத்தத் தவணையும் விழாமல், மூன்று பேர் சேர்ந்து ஒரு லேத்து போடலாம். மூன்று ஷிப்டுக்காரர்கள் என்றால் யந்திரமும் சும்மா நிற்காது.

கூலி பாக்கி விஷயம். 2006ஆம் வருஷச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு பட்டறைக்குத் தர வேண்டிய பணத்தை, வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப்போல் மூன்று மடங்கு, கூட்டு வட்டியாகத் தர வேண்டும். உத்யம் பதிவு இருந்தால் வசதி மன்றத்தில் முறையிடலாம். கோவையிலேயே மன்றம் இருக்கிறது. ஆனால் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினால் மன்றம் என்ன செய்யும்? சலானில் தேதி, எண்ணிக்கை, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் வேண்டும்.

அடுத்த ஆர்டர் கிடைக்காதே என்ற பயம் நமக்குத் தெரியும். தனியாக ஒருவர் மனுப் போட்டால் அது நடக்கத்தான் செய்யும். ஒரே முதலாளியிடம் பாக்கி உள்ளவர்கள் இருபது பேர் சேர்ந்து போடுவோம். சலான் நகல்களோடு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்துக்கு வாருங்கள்.