துப்பாக்கியும் குடிமகனும்



பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நிகழும் சொற்போர்களில் அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படும் பொருள்களுள் ஒன்று, 'துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமையா?' என்பதாகும். இவ்வினா எழுந்தவுடனே நம் இளைஞர்கள் அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றனர். இது கடல்கடந்த நாட்டார் வழக்கு, இதில் நமக்கு யாதொரு பங்கும் இல்லை என்பது அவர்களது எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது. இவ்வழக்கு நம் நாட்டிலும் நடந்தது; தீர்ப்பும் கூறப்பட்டது. அத்தீர்ப்பின் ஒரு பகுதி இன்னும் நிறைவேறாமல், நம் தருமபுரி மாவட்டத்து மலையடிவாரங்களில் காத்து நிற்கின்றது. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

எனினும், பிறர் வழக்கை அறிந்த பின்னர் நம் வழக்கை ஆராய்தல் நன்று. அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயரோடு போரிட்டு விடுதலை பெற்ற மக்கள், நிலைப்படை வைத்து ஆளும் அரசைக் கண்டு அஞ்சினர். குடிமக்களே படையாகத் திரண்டு தம் மாநிலத்தைக் காத்தல் வேண்டும் என்று கருதினர். ஆதலின் ஆயுதம் தாங்கும் உரிமையை அரசியலமைப்பிலேயே பொறித்து வைத்தனர். அவ்வுரிமை திரண்ட படைக்கு உரியதா, தனி மனிதனுக்கு உரியதா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனி மனிதனின் உரிமையே எனத் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2024-இல், குடும்ப வன்முறை வழக்கில் பிறர் உயிருக்கு ஊறு செய்யத்தக்கவர் என நீதிமன்றத்தால் கண்டறியப்பட்டவரிடம் துப்பாக்கி இருத்தலாகாது என்னும் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. உரிமை உண்டு, அதற்கு எல்லையும் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

அந்நாட்டில் உரிமையை வற்புறுத்துவோரை அறிவிலிகள் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. காவல் நிலையத்திற்கும் தம் வீட்டிற்கும் இடையே பல மைல் வெளி கிடக்கும் பண்ணைகளில் வாழ்வோர் அவர்களுள் உளர். 'கள்வன் வாயிலில் நிற்கும்பொழுது காவலர் வரும்வரை யான் என் செய்வேன்?' என்று அவர் கேட்கும் கேள்வி, விடை இறுக்க வேண்டிய கேள்வியே. மறுபுறத்தாரின் கேள்வியோ நெஞ்சை உலுக்குவது. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்துச் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியோர் அறுவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,000-க்கு மேற்பட்டவர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பிறரால் சுடப்பட்டவர் அல்லர்; தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர் என்பதை மாணவர்கள் கருத்தில் இருத்துதல் வேண்டும். பகைவனுக்கென்று வாங்கி வைத்த கருவி, மனம் உடைந்த ஒரு நொடியில் வாங்கியவனுக்கே எமனாகின்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பாஞ்சாலங்குறிச்சிப் போரும் மருதிருவர் போரும் அடக்கப்பட்ட பின்னர், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்னாட்டுப் பாளையங்களில் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தது. பின்னர், லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்த காலத்தில், 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் பிறந்தது. அச்சட்டத்தின்படி இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெறுதல் வேண்டும். ஐரோப்பியனுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. நம் தலைவர்களைப் புண்படுத்தியது துப்பாக்கி இல்லாத குறை அன்று. ஒரே மண்ணில் வாழும் இருவருள் ஒருவனை நம்பி மற்றொருவனை ஐயுறும் வேற்றுமையே ஆகும். அதனால்தான், அகிம்சையைத் தன் நெறியாகக் கொண்ட காங்கிரசு மகாசபையே 1931-இல் கராச்சியில் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தது.

நாடு விடுதலை பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவர்கள், கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி, அவ்வுரிமையை அரசியலமைப்பில் சேர்க்குமாறு திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. அந்நியர் ஆட்சியில் அக்கோரிக்கை எழுந்தது இயல்பே என்றும், நிலைமை மாறிவிட்ட பின்னர் அதனை அடிப்படை உரிமையாக்கினால் குற்றம் செய்து பழகியோர்க்கும் அவ்வுரிமையை மறுக்க இயலாது போகும் என்றும் அவர் எடுத்துரைத்தார். திருத்தம் தோற்றது. நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு கூட்டம் கூடும் உரிமையைத் தரும்பொழுது, அமைதியாகவும் ஆயுதமின்றியும் என்று வரையறுத்தே தருகின்றது.

இங்கே உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்துகொள்ளுங்கள். உரிமை என்றால், மறுப்பவன் காரணம் கூறுதல் வேண்டும். அனுமதி என்றால், கேட்பவன் காரணம் கூறுதல் வேண்டும். அமெரிக்கா முன்னதைத் தேர்ந்தது. நாம் பின்னதைத் தேர்ந்தோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கின்றது. இருபத்தொரு வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது. விண்ணப்பம் வந்தால் காவல்துறையின் அறிக்கை பெறப்படும். மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும்; மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். 2019-இல் செய்யப்பெற்ற திருத்தத்தின்படி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. திருமணத்திலும் விழாவிலும் களிப்பு மிகுதியால் வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர்க்கு ஊறு விளைவிக்க முற்படுவதும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

விதிவிலக்கும் இல்லாமல் இல்லை. நம் ஒகேனக்கல்லில் வந்து விழும் காவிரி பிறக்கும் குடகு நாட்டில், குடவ இனத்தார் உரிமம் இன்றியே சிலவகைத் துப்பாக்கிகளை வைத்திருக்கலாம் என ஆங்கிலேயர் காலத்தில் அளிக்கப்பட்ட சலுகை, 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

நம் மாவட்டத்து உழவனுக்கும் இச்சட்டத்தில் ஓர் இடம் உண்டு. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்பிற்காக வைத்துக்கொள்ள உரிமம் வழங்கலாம் என்று அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகின்றது. பென்னாகரத்தையும் பாலக்கோட்டையும் சித்தேரி மலையையும் அறிந்தவர்க்கு இப்பிரிவின் பொருள் விளங்கும். நிலக்கடலை முற்றும் பருவத்திலும் ராகி கதிர் வாங்கும் பருவத்திலும் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவில் இறங்கினால், நான்கு மாத உழைப்பு விடிவதற்குள் அழிந்துபோகும். பரண் கட்டி, தகரம் தட்டி, தீப்பந்தம் ஏந்திக் கண்விழிக்கும் உழவன் பாதுகாப்பு வேண்டுகின்றான். பெருமைக்காகத் துப்பாக்கி கேட்கவில்லை.

ஆனால், துப்பாக்கிக்கு உரிமம் பெறுதல் வேறு, விலங்கைச் சுடும் உரிமை பெறுதல் வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கின்றது. ஆகவே, கையில் உரிமம் உள்ளவனும் காட்டுப்பன்றியைத் தன் விருப்பப்படி சுடுதல் இயலாது. உரிமம் கிடையாதவனோ சட்டத்திற்குப் புறம்பான நாட்டுத் துப்பாக்கியை நாடுகின்றான். வெறுங் குழாயில் கருமருந்தையும் ஈயக் குண்டுகளையும் இட்டுக் கோலால் இடித்துக் கெட்டிக்கும் அக்கருவி, குறி தவறும். சில வேளைகளில் குழாயே வெடித்துச் சுட்டவன் கையையும் கண்ணையும் பறிக்கும். புதருக்குள் அசைவது பன்றியா, விறகு பொறுக்க வந்த மனிதனா என்று இருளில் சுடுபவனுக்குத் தெரியாது. 2017-ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற உலகளாவிய கணிப்பு ஒன்று, இந்தியக் குடிமக்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் ஏழு கோடிக்கு மேல் என்றும், அவற்றுள் பதிவு பெற்றவை ஒரு கோடிக்கும் குறைவு என்றும் மதிப்பிட்டது. சட்டம் தடுத்தும் தேவை நிற்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தேவை நிற்காதபொழுது அது வேறு உருவமும் எடுக்கும். 2023 மார்ச் 7-ஆம் நாள், நம் மாவட்டத்து மாரண்டஅள்ளிக்கு அருகே, பயிரைக் காப்பதற்காகச் சட்டத்திற்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயற்று நின்றன. அங்கே துப்பாக்கி இல்லை. ஆயினும் உயிர்கள் மடிந்தன. கருவியைப் பறித்துவிட்டால் கடமை முடிந்துவிட்டது என்று கருதும் அரசுக்கு இது பாடம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கு ஆணையிட்டது. 'நீ துப்பாக்கி ஏந்தாதே. உனக்காக நாங்கள் ஏந்துகின்றோம்' என்று கூறும் ஆணை அது. அச்சொல் ஏட்டளவில் நில்லாமல், அழைத்த இரவிலேயே ஆள் வருமாயின், உழவன் நாட்டுத் துப்பாக்கியைத் தானே ஒப்படைப்பான்.

இனி, அமெரிக்கர் கூறும் மற்றொரு வாதம் எஞ்சி நிற்கின்றது. 'அரசே கொடுமை செய்தால் ஆயுதமற்ற குடிமகன் என் செய்வான்?' என்பது அது. இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடியில் வாச்சாத்தி என்னும் சிற்றூர் இருக்கின்றது. 1992 ஜூன் 20-ஆம் நாள், சந்தனக் கடத்தலைத் தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூரைச் சூறையாடினர். பெண்கள் பதினெண்மர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அம்மலைவாழ் மக்கள் துப்பாக்கி தூக்கியிருந்தால் யாது நேர்ந்திருக்கும்? வீரப்பனின் காலம் அது. 'கடத்தற்காரன் கூட்டம்' என்ற ஒரு சொல்லால் அவ்வூர் துடைக்கப்பட்டிருக்கும். அவர்கள் துப்பாக்கி தூக்கவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் துணையோடு நீதிமன்றத்தின் படியேறினர். சாட்சி கூறினர், மிரட்டலுக்கு அஞ்சாது மீண்டும் மீண்டும் கூறினர். 2011 செப்டம்பர் 29-ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் அப்பொழுது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

துப்பாக்கியால் பெறமுடியாத வெற்றி இது. ஆயினும் இதனைக் கூறி மகிழ்ந்துவிடுதலும் தகாது. முதல் தீர்ப்பிற்கே பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. அன்று பள்ளிச் சிறுமியாக இருந்தவள் தாயாகிவிட்டாள். நீதியைக் காணாமலே மறைந்தோரும் உளர். நீதி இவ்வளவு தொலைவில் இருக்குமாயின், அண்மையில் இருக்கும் ஆயுதத்தை மனிதன் நாடுவது வியப்பன்று.

மாணவர்களே, சொற்போர் மேடையில் நீங்கள் எப்பக்கம் நின்றாலும், இதனை மறவாதீர்கள். துப்பாக்கி வேண்டும் என்பவன் உள்ளபடியே வேண்டுவது அச்சமின்மை. பண்ணை வீட்டு அமெரிக்கன் கேட்பதும் அதுவே. பென்னாகரத்து உழவன் கேட்பதும் அதுவே. 1948-இல் நம் முன்னோர், 'குடிமகன் கையில் ஆயுதம் வேண்டா' என்று முடிவு செய்தது சரியான முடிவென்றே யான் கருதுகின்றேன். ஆனால் அம்முடிவு ஒருதலைப்பட்சமான கட்டளை அன்று. அது ஓர் ஒப்பந்தம். குடிமகன் ஆயுதத்தைக் கீழே வைக்கின்றான். அவன் உயிரையும் பயிரையும் மானத்தையும் காக்கும் பொறுப்பை அரசு ஏற்கின்றது. ஒப்பந்தத்தின் முதற் பாதியைக் குடிமகனிடம் கண்டிப்போடு கேட்கும் அரசு, இரண்டாம் பாதியைத் தானும் அதே கண்டிப்போடு நிறைவேற்றுதல் வேண்டும்.

நாளை உங்களுள் சிலர் வட்டாட்சியராகவும் வனச்சரகராகவும் காவல் ஆய்வாளராகவும் நீதிபதியாகவும் அமர்வீர்கள். அன்று மலையடிவாரத்து உழவன் ஒருவன் மனுவோடு வந்து நிற்பான். அவனை மறுநாள் வரச் சொல்லாமல், அன்றே அமரச் செய்து கேளுங்கள். நம் ஊர்களில் துப்பாக்கியைக் குறைப்பதற்கு அதனினும் நல்ல வழி வேறில்லை.