உத்தரவு கையில் வரும்வரை
(காரிமங்கலத்தில் மாணவர்களிடம் பேசியது)



ஒரு தனியார் கல்லூரியில் "வாங்க, சேர்ந்துக்கலாம்" என்றார்கள். நம்பி, பார்த்த வேலையை ராஜினாமா செய்தேன். சாதிச் சான்றிதழ் கொடுத்த மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை. அதுதான் காரணமா? நிரூபிக்க என்னிடம் ஒரு தாளும் இல்லை. வீட்டில் சொல்லாமல் பத்து நாள் பஸ் ஏறி, தருமபுரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு இடமாறுதலில் வந்த சத்துணவுச் சமையலர் அம்மாவை, தலித் என்பதால் ஆதிக்க சாதியினர் சமைக்க விடவில்லை. அதிகாரிகள் தடுத்தவர்களை விட்டுவிட்டு, அவருடைய உத்தரவை ரத்து செய்தார்கள். இயக்கங்கள் திரண்டு போராடின. அந்த ரத்தே ரத்தானது. போராட அவர் கையில் உத்தரவு இருந்தது. என்னிடம் இருந்தது வாய்ச்சொல்.

ஓசூர், பெங்களூரு போகிறவர்களே, நியமன உத்தரவு வருமுன் ராஜினாமா எழுதாதீர்கள். எழுதியாச்சா? விடுவிக்கும் தேதிக்குள் திரும்பப் பெறக் கேட்டு எழுதுங்கள். வேலையை மறுத்தவர்களிடம் காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். அப்போதுதான் தாள் மிஞ்சும். வீட்டில் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பதினோராம் நாள் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "இத்தன நாளா மத்தியானம் என்னத்தடா சாப்ட்ட?"