ஒரு வெள்ளிச் சீட்டும் ஒரு நாள் சம்பளமும்
(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விடியுமுன் எழுந்து பால் வெட்டிவிட்டு வந்திருப்பவர்களிடம் நீட்டி முழக்குவது பாவம். நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

நம் கிள்ளானிலிருந்தே தொடங்குவோம். 1901-இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் இந்த ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த கையோடு மலேரியாக் காய்ச்சல் அங்கே வேலை செய்தவர்களை வாரிச் சுருட்டியது. ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-இல். நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பை நம்பினார். காட்டை வெட்டி, சதுப்பு நீரை வடித்து, வாய்க்கால் போடச் செய்தார். காய்ச்சல் அடங்கியது. ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. மரம் விழுந்து வெயில் பட்டதும், தெளிந்த ஓடையில் வேறொரு ஜாதிக் கொசு பெருகிற்று. அங்கே ஓடையை மண்ணுக்கடியில் குழாய் வழியே விட்டார்கள், எண்ணெய் தெளித்தார்கள். கொசு எண்ணெய் அடித்த கதையை உங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சரித்திரத்தில் வாட்சன் பெயர் இருக்கிறது, மண்வெட்டி பிடித்தவன் பெயர் இல்லை. அது கிடக்கட்டும்.

வைத்தியம் என்பது மருந்துப் புட்டி மட்டும் அல்ல என்பதை இந்தக் கிள்ளான் மண்ணே காட்டியிருக்கிறது. வடிகால், குடிதண்ணீர், கக்கூஸ் எல்லாம் வைத்தியந்தான்.

1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அன்றைய கோரிக்கைகளைப் பற்றிப் பேசுவோர் சம்பள உயர்வையும், துரைக்கு முன்னால் சைக்கிளில் போகும் உரிமையையும் சொல்வார்கள். முறையான வைத்திய வசதி வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் கம்பங்களில் சுகாதார நிலையங்களும் மருத்துவச்சி நிலையங்களும் கட்டியது, நல்ல காரியம். அனைவருக்கும் அடிப்படைச் சுகாதாரம் என்று உலக நாடுகள் அல்மா ஆட்டாவில் கூடி அறிக்கை செய்தது 1978-இல். நம் நாடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்கே வைத்தியம் முதலாளியின் பொறுப்பு என்று விடப்பட்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, வீடமைப்புத் திட்டங்களாயின. தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பல அத்தோடு போயின. லயம் இருந்த இடம் போகட்டும், டிரெஸ்ஸர் எங்கே?

இன்று பிரஜையாக இருப்பவர் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் போதும். உலகில் எத்தனையோ நாடுகளில் இல்லாத சலுகை இது. ஆனால் பஸ் வராத தோட்டத்திலிருந்து அந்த ஒரு வெள்ளி வைத்தியத்துக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகிறது. பக்கத்து நிரையில் வெட்டுகிற வங்காளதேசத்துத் தோழருக்கு அந்த ஒரு வெள்ளியும் இல்லை, பல மடங்கு கட்ட வேண்டும். நீல அடையாளக் கார்டு கிடைக்காமல் நிற்கிற நம் சொந்தப் பிள்ளைகளின் கதியும் அதுவே.

இனி, கிராணிமார்களாகிய எங்கள் குற்றத்தைச் சொல்லுகிறோம். எங்கள் தோட்டத்தில் ஒரு தோழர் மூன்று நாள் காய்ச்சலோடு பிரட்டுக்கு வந்தார். வெட்டினால்தானே காசு! நான்காம் நாள் எழ முடியவில்லை. அண்டை வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டிங்கிக் காய்ச்சல். பிழைத்து வந்தார். வந்தவருக்குச் சம்பளத்தில் நாட்கள் பிடிபட்டிருந்தன, தகவல் கொடுக்காமல் நின்றதாக. அவர் மனைவி மறுநாளே எங்களிடம் வந்து வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தாள். நாங்கள் குறித்து வைக்கவில்லை. செக்ரோலில் 'வரவில்லை' என்று எழுதியது எங்கள் பேனாதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18. அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை. நிர்வாகம் நியமித்த டாக்டரிடம் பார்க்கிற செலவு நிர்வாகத்தினுடையது. அந்த டாக்டர் தக்க நேரத்தில் கிடைக்காவிட்டால் வேறு பதிவு பெற்ற டாக்டரிடமோ, அரசாங்க டாக்டரிடமோ பார்க்கலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும், அல்லது தர முயன்றிருக்க வேண்டும். இந்த 48 மணியில்தான் நம்மவர் வழுக்கி விழுகிறார்கள். வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இதே சட்டந்தான். அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

வீடு, தண்ணீர், சுகாதாரம் பற்றி 1990-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி நம் லயங்களைப் பார்வையிடச் சொல்லித் தொழிலாளர் இலாகாவுக்கு மனு எழுதியிருக்கிறோம். அடைத்துக் கிடக்கும் வாய்க்கால்களையும் அதில் சேர்த்திருக்கிறோம். கையெழுத்துப் போடாதவர்கள் போகும்போது போட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. திங்கட்கிழமை முதல் பிரட்டுக்களத்து மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். யார் வந்து 'இன்னாருக்கு உடம்பு சரியில்லை' என்றாலும், மனைவியோ பிள்ளையோ அண்டை வீட்டாரோ, தேதியும் மணியும் எழுதி நாங்கள் கையெழுத்திடுவோம். பழைய மருத்துவச் சீட்டுகளை வைத்துக்கொண்டு சம்பளம் பிடிபட்டவர்கள் அவற்றையும் கொண்டு வாருங்கள். கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, தேதி தெரிந்தால் போதும்.