பீட்டாக் கதிரை அறிவது எப்படி?

1939ஆம் ஆண்டு தாயகம் வந்திருந்த ஹோமி பாபா, போர் மூண்டமையால் இங்கிலாந்து திரும்பாது, நாம் வாழும் இப்பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்தில் தங்கி, அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சிக்குத் துணைநின்ற கருவிகளுள் ஒன்று கைகர் எண்ணி. வாயு நிறைந்த அக்குழாயினுள் கதிர் புகுந்தால் மின் துடிப்பு எழும்; ஒலிபெருக்கியோடு இணைத்தால் 'டிக், டிக்' என்று ஒலிக்கும். அது ஒலிக்காவிடில் கதிரியக்கமே இல்லை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே நாம் இன்று கூற வந்த செய்தி.

அணுக்கரு சிதையும்போது வெளிப்படும் எலெக்ட்ரானே பெரும்பாலும் பீட்டாக் கதிர் எனப்படுகிறது. காமாக் கதிரின் ஆற்றல் பொருளுக்குப் பொருள் திட்டமானது. அதனை அளந்தே பொருளின் பெயரைப் பெரும்பாலும் கூறிவிடலாம். பீட்டாக் கதிரோ ஒரே பொருளிலிருந்து பல்வேறு ஆற்றல்களுடன் வரும்; உடன் பிறக்கும் நியூட்ரினோ வகைத் துகள் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்வதே காரணம். ஆதலின் உச்ச ஆற்றல், அரை ஆயுள், இரசாயன இயல்பு ஆகிய மூன்றையும் அறிஞர் தேடுவர். ஸ்ட்ரான்சியம்-90ஐப் பிரித்தெடுத்து இரு வாரங்கள் வைத்திருந்தால், 64 மணி அரை ஆயுளுடைய இட்ரியம்-90 அதனின்று தோன்றிப் பெருகும். சேய் தாயைக் காட்டிக்கொடுத்துவிடும்!

இவற்றுள் மிக மெலிந்தது டிரிட்டியத்தின் கதிர். அதன் உச்ச ஆற்றல் 18.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டே. காற்றில் சில மில்லிமீட்டர் தொலைவிலேயே அடங்கிவிடும். கைகர் குழாயின் மெல்லிய சன்னலையும் கடவாது. 2009 நவம்பரில், இம்மாநிலத்துக் கைகா அணுமின் நிலையத்தில், வழக்கமான சிறுநீர்ச் சோதனையின்போது ஐம்பதுக்கு மேற்பட்ட ஊழியரின் உடலில் டிரிட்டியம் மிகுந்திருப்பது தெரிந்தது. குடிநீர்க் குளிர்விப்பான் ஒன்றில் அது கலந்திருந்தது. நிறமில்லை, மணமில்லை, சுவை வேறுபாடில்லை; அருந்தியவர் அறிய வழியேது?

அறிவித்தது சோதனைக்கூடமே. கதிர் பட்டால் ஒளி சிந்தும் திரவத்தில் மாதிரியைக் கலந்து, இருளில் வைத்து, இரு ஒளியுணர் குழாய்கள் ஒருங்கே கண்ட மினுக்குகளையே எண்ணுவர். ஒன்று மட்டும் கண்டதைப் பெரும்பாலும் கருவியின் சலனமென்று தள்ளுவர். காலத்தே அறிந்தால், நீர் மிகுதியாகப் பருகச் செய்து டிரிட்டியத்தை விரைவில் வெளியேற்றலாம்.

ஆய்வறிக்கைகளை மொழிபெயர்க்கும் எம்போன்றோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 'கண்டறியப்படவில்லை' என்பதனை 'இல்லை' என்று எழுதுதல் பெரும்பிழை. ஊர்விட்டு வந்து ஆலைகளிலும் கூடங்களிலும் உழைக்கும் நம்மவர், அத்தகைய அறிக்கை கைக்கு வரும்போது, 'எக்கருவி கொண்டு, எவ்வளவு நுண்மையாகப் பார்த்தீர்கள்?' என்று தயங்காது கேட்பாராக.