நம் பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை?

(தாராவியில் நமது சங்கத்தின் சார்பில் நடைபெற்ற மாணவர்-பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பன்னிரண்டாம் வகுப்பில் தேறி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

சற்று முன் இதே மேடையில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தோம். ஆண்டுதோறும் கொடுக்கிறோம். கடிகாரம் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுத் தேர்வை எழுதினார்கள் என்ற கணக்கு நம்மிடம் உண்டா? கிடையாது. செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நானும் இந்தச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவன்தான்.

அண்ணல் அம்பேத்கர் இந்த நகரத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தாரே, எந்தப் பணத்தில் படித்தார்? பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் மாதந்தோறும் கொடுத்த 25 ரூபாயில் படித்தார். 1913-இல் அதே மன்னரின் உதவித் தொகையைக் கொண்டுதான் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகத்துக்குப் போனார். அங்கிருந்து லண்டன் போனார். 1917-இல் உதவித் தொகையின் கெடு முடிந்தது. அவ்வளவு பெரிய மேதை, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலேற வேண்டியதாயிற்று! பிறகு பம்பாயில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் கொடுத்த கடன், இவற்றைக் கொண்டு 1920-இல்தான் மறுபடி லண்டன் போய் முடித்தார். பணம் நின்றால் படிப்பு நிற்கும் என்பதைத் தம் உடம்பில் அறிந்தவர் அவர். அவர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல், தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மெட்ரிக்குக்குப் பிந்திய உதவித் தொகை தொடங்கியது.

அந்தத் திட்டம் இன்றும் இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். செலவில் 60 பங்கு மத்திய அரசும் 40 பங்கு மாநில அரசும் ஏற்பது என்று 2020 டிசம்பரில் முடிவு செய்தார்கள். எல்லாம் சரி. மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலமே தொகையை வழங்க வேண்டும் என்கிறது விதி. இங்கேதான் நம் கால் இடறுகிறது. நம் பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை?

என் தகப்பனார் 1962-இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் இங்கே பிறந்தேன், என் பிள்ளைகளும் இங்கே பிறந்தார்கள். ஆனால் மராட்டிய மாநிலத்தில் ஷெட்யூல்டு வகுப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். மற்றப் பிற்பட்ட வகுப்பினருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. தாராவிச் சேற்றில் தகரம் போட்டுக் குடியேறியவனிடம் 1950-ஆம் ஆண்டு ரசீது இருக்குமா? சரி, ஊருக்கே போய்க் கேட்போம் என்றால், "நீங்கள் பம்பாய்க்காரர்கள் ஆயிற்றே" என்கிறார்கள். இங்கே மதராசி, அங்கே பம்பாய்க்காரன்!

இது வழக்கு மன்றம் வரை போன விஷயம். ஆந்திரத்திலிருந்து வேலைக்கு வந்தவரின் மகன், இதே மும்பையில் மருத்துவக் கல்லூரியில் இட ஒதுக்கீடு கேட்டார். ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகையைக் கூடவே எடுத்துச் செல்ல முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதையே உறுதி செய்தது. இதற்கு ஒரு வழி காண வேண்டுமென்று இரண்டு மாநில அரசுகளிடமும் மத்திய அரசிடமும் நாம் வாதாடத்தான் வேண்டும். மனுக் கொடுப்போம், ஊர்வலம் போவோம். ஆனால் ஊர்வலம் முடியும் வரை கல்லூரி காத்திருக்காது. கட்டணத்துக்குக் கெடு வைத்திருக்கிறான்.

ஆகவே, மாநிலம் கேட்காத கதவு எது என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித் தொகை ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கிறார்கள், பாதி பெண்களுக்கு. பட்டப் படிப்பின் மூன்று ஆண்டும் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு 20,000. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிள்ளை எந்தத் தேர்வு வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியதோ அந்த வாரியத்தின் கணக்கில்தான் இடம். தாத்தா எந்த ஊர் என்று கேட்பதில்லை! 80 மதிப்பெண் வேண்டும் என்று பலர் தப்பாக எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படியல்ல. தேறியவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நூற்றுக்கு முதல் இருபது பேருக்குள் வர வேண்டும். அவ்வளவுதான்.

டிப்ளமாவோ பொறியியலோ முதலாண்டு சேரும் பெண்பிள்ளைகளுக்குத் தொழில் நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித் தொகை உண்டு. ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்குக் கிடைக்கும்.

இந்த மாநில அரசிலும் ஒரு கதவு இருக்கிறது. சான்றிதழ் கிடைக்காததால் நம் பிள்ளைகளைப் பொதுப் பிரிவில் தள்ளிவிடுகிறார்களே, அந்தப் பொதுப் பிரிவின் ஏழைகளுக்கு ராஜர்ஷி சாகு மகாராஜாவின் பெயரில் கட்டண உதவி உண்டு. வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணத்தில் பாதி. தொழிற்கல்வி படிக்கும் பெண்களுக்கு 2024-25 முதல் முழுவதும். இதற்கு வேண்டியது மராட்டிய மாநிலக் குடியிருப்புச் சான்று, தாசில்தார் தரும் வருமானச் சான்று. ஒன்றை மறக்காதீர்கள்: தொழிற்கல்விக்கு அரசின் பொதுச் சேர்க்கை முறையில் இடம் வாங்கியிருக்க வேண்டும். தரகனிடம் பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கிய இடத்துக்கு உதவி வராது.

தாழ்த்தப்பட்ட வகுப்புத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தகப்பன் பெயரில் தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் இருந்தால், அதை ஆதாரமாக வைத்து இங்கே பிறந்த பிள்ளைக்கும் சான்றிதழ் தரலாம் என்று மத்திய உள்துறை 1985-லேயே கடிதம் எழுதியிருக்கிறது. இந்த மாநிலச் சலுகைக்கு அது உதவாது. மத்திய அரசின் கல்லூரிக்கும் வேலைக்கும் உதவும். அடுத்த முறை கொடைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? கிடா வெட்டி முடித்த மறுநாள் தாலுகா அலுவலகத்துக்கும் போய்வாருங்கள்.

இனி, கிடைத்ததைக் காப்பாற்றும் கதை. எங்கள் சாலில் ஒரு பெண், தகப்பன் பை தைக்கும் பட்டறையில் வேலை. அந்தப் பிள்ளைக்கு நான்தான் மத்திய அரசு உதவிக்கு மனுப் போட்டுக் கொடுத்தேன். பணம் வந்தது, தாய் லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கித் தின்றேன். ஆனால், "அடுத்த ஆண்டும் இதைப் புதுப்பிக்க வேண்டும், 50 மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் இருக்க வேண்டும்" என்று சொல்லத் தவறிவிட்டேன். பணம் தானாக வரும் என்று அந்தப் பிள்ளை காத்திருந்தாள். மாலை நேரத்தில் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு முழு நாளும் கடையிலேயே நின்றுவிட்டாள். இன்றைக்கும் என்னைக் கண்டால், "வாங்க மாமா" என்கிறாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு கண்ணி, பெயர். நமக்கு முன்னெழுத்துப் போடுவது வழக்கம். இங்கே பள்ளிக்கூடத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். ஒருவர் தாத்தா பெயரைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் சாதிப் பெயரைச் சொல்லியிருப்பார். மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர். கணிப்பொறிக்கு இது மூன்று ஆள்! பணம் திரும்பிப் போய்விடும். இதை இப்போதே திருத்துங்கள். பிள்ளையின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். மனுப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. கல்லூரி அலுவலகம் அதைச் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் கணக்கில் வரும். குமாஸ்தாவிடம் வாரம் ஒருமுறை போய் நில்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், இது பிச்சையல்ல.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் இருப்பேன். ரேஷன் கார்டு, மின்சார ரசீது, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, தகப்பனாரின் பழைய காகிதம் என்று தகரப் பெட்டியில் இருப்பதையெல்லாம் அப்படியே கொண்டுவாருங்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளும் வர வேண்டும். அவர்கள் பெயரை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன்.