பைக் பிரேக் ஆயிலை நாமே மாற்றலாம்

டிஸ்க் பிரேக் பைக் வைத்திருப்பவர்கள், ஹேண்டில்பாரின் வலது பக்கம் இருக்கும் சின்னக் கப்பைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அதன் கண்ணாடி வழியே தெரியும் ஆயில் இளமஞ்சளாக இருந்தால் கவலையில்லை. டீ டிகாஷன் மாதிரி கறுத்திருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 வகை ஆயில் 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால், விதி கேட்பது வெறும் 155 டிகிரிதான். ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் தெரிந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியாகும். லீவரை அழுத்தினால் ஆவிதான் அமுங்கும், வண்டி நிற்காது. 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

கப் மூடியில் எந்த வகை போட்டிருக்கிறதோ, அதையே சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். போன வருஷம் மிச்சம் வைத்தது வேண்டாம். நம்பர் பெரிசு என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கான், மற்றதோடு சேராது.

பெட்ரோல் டேங்கை ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள், இந்த ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கப் மூடியின் ஸ்க்ரூ மெத்தென்ற உலோகம். பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் தலை வழுக்கிப்போகும், அப்புறம் அந்த நாளே வீண்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இருக்கும் நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பானரை மாட்டி, நிப்பிள் முனையில் உள்ளே இருப்பது தெரியும் டியூபைச் செருகுங்கள். டியூபின் மறுமுனை, கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். இனி வரிசை தப்பக் கூடாது. லீவரை அழுத்திப் பிடியுங்கள், நிப்பிளைக் கால் சுற்று திறங்கள், ஆயில் வெளியேறும். நிப்பிளை மூடுங்கள். அதற்குப் பிறகுதான் லீவரை விட வேண்டும். முன்னாலேயே விட்டால் நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே போய்விடும். டியூபில் குமிழி நின்று, புது நிறம் வரும்வரை இதையே செய்யுங்கள்.

நடுநடுவே கப்பைப் பார்த்து, குறையக் குறையப் புது ஆயிலை ஊற்றுங்கள். ஆயில் தீர்ந்தால் மேலிருந்தும் காற்று இறங்கும். ஏபிஎஸ் வண்டியில் அப்படி நடந்தால், அந்தக் காற்றை எடுக்கப் பெரும்பாலும் ஒர்க்ஷாப்தான் கதி.

முடிந்ததும் நிப்பிளை அளவாக இறுக்குங்கள், முரட்டுத்தனம் காட்டினால் உடைந்துவிடும். டிஸ்க்கில் ஒரு சொட்டுகூட ஆயில் இருக்கக் கூடாது. வண்டியை வாசலிலேயே தள்ளிப் பிடித்துப் பாருங்கள். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும். அப்படியும் சரியாகவில்லையா? மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டே போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.