குடியுரிமைச் சட்டத் திருத்தமும் நம் குடும்பங்களும்

(தெமியாங்கில் நடைபெற்ற பொன்விழா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





பொன்விழா மேடையில் சட்டத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தை நிறுவிய தலைமுறையில் தோட்டத்துப் பால்மரக் காட்டில் உழைத்தவர்களும் உண்டு. தோட்ட மக்களை நம்பிக் கடை வைத்திருந்தவர்களும் உண்டு. அந்தத் தலைமுறையில் பலர் கடைசிவரை சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்தார்கள். இன்றும் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2024ஆம் ஆண்டில் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்த மசோதா அவர்களுடைய வாரிசுகளையும், வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்ட நம் பெண் பிள்ளைகளையும் நேரடியாகத் தொடுகிறது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் ஒரு திருத்த மசோதா எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கையில் எடுத்தால் பலருக்கு ஒன்றும் விளங்காது. முழுச் சட்டமும் அதில் இராது. 'இந்தப் பிரிவில் இந்தச் சொற்களை நீக்குக, அவ்விடத்தில் இந்தச் சொற்களைச் சேர்க்க' என்றுதான் இருக்கும். பழைய சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பொருள் புரியும். மசோதாவின் கடைசியில் 'ஹுராயான்' என்ற விளக்கக் குறிப்பு இருக்கும். சட்டம் படிக்காதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். சில பக்கங்கள்தானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. இரண்டு மூன்று சொற்கள் எடுபட்டால் ஒரு பிள்ளையின் அடையாளக் கார்டின் நிறமே மாறிவிடும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 1957 ஆகஸ்ட் 31 சுதந்திர நாள் தொடங்கி 1962 செப்டம்பர் முடிய இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, பிறந்த காரணத்தாலேயே குடிமகன். 1962இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. அந்த 'நிரந்தரவாசி' என்ற சொல்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு நிழலாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் சிவப்புக் கார்டு வைத்திருந்தாலும் பிள்ளைக்கு நீலக் கார்டு கிடைத்தது.

குடியுரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மூத்தவர்கள் கண்ணால் கண்டார்கள். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது. பல ஆண்டுகள் பால்வெட்டிய கைகளுக்கு அந்தப் பெர்மிட் கிடைப்பது உறுதியில்லாமல் போனது. பல்லாயிரம் இந்தியர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். விண்ணப்பிக்கத் தகுதி இருந்தும், படிவம் எழுதிக் கொடுக்க ஆளில்லாமலும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டதாலும் குடியுரிமை எடுக்காதவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

இப்போது வந்துள்ள மசோதாவுக்கு வருவோம். அது ஒரு கையால் கொடுக்கிறது, மறு கையால் எடுக்கிறது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

கொடுப்பது தாய்மார்களுக்கு. இதுவரை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை சேர வேண்டுமானால் 'தந்தை' மலேசியராக இருக்க வேண்டும் என்றே அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை சொன்னது. நம் பையன் ஊரில் பெண் எடுத்து, பிள்ளை இராமநாதபுரத்தில் பிறந்தால் பிரச்சினை இல்லை. நம் பெண்ணை ஊரில் கட்டிக் கொடுத்து, பிள்ளை அங்கே பிறந்தால் விண்ணப்பம் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்கு அஞ்சியே நிறைமாதத்தில் விமானம் ஏறி இங்கே பிரசவத்துக்கு வந்த பெண்கள் உண்டு. ஆறு தாய்மார்களும் ஓர் அமைப்பும் தொடுத்த வழக்கில், 2021 செப்டம்பர் 9 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தாய்மார்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்ட் 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. சட்டத்தின் சொல்லை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பது அதன் நிலைப்பாடு. இப்போது நாடாளுமன்றம் 'தந்தை' என்ற இடத்தில் 'பெற்றோரில் ஒருவராவது' என்ற பொருள்படும் சொற்களை வைத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

எடுப்பது சிவப்புக் கார்டுக் குடும்பங்களிடமிருந்து. நான் முன்பு சொன்ன அந்த 'நிரந்தரவாசி' என்ற சொல்லை மசோதா நீக்குகிறது. திருத்தம் நடப்புக்கு வந்தபின், தாயும் தந்தையும் நிரந்தரவாசிகளாக மட்டும் இருந்தால், இங்கே பிறக்கும் பிள்ளை முன்போலத் தானாகக் குடிமகன் ஆகாது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் கவலை இல்லை. ஏற்கெனவே குடிமக்களாக இருப்பவர்களும் பயப்பட வேண்டாம். அவர்களுடைய உரிமையை இது தொடவில்லை.

இன்னும் இரண்டு மாற்றங்கள். சிறப்புச் சூழ்நிலையில் அரசாங்கம் இளையவர்களைக் குடிமக்களாகப் பதிவு செய்யும் 15ஏ பிரிவில், 21 வயதுக்குள் என்றிருந்தது 18 வயதுக்குள் என்றாகிறது. பள்ளிப் படிப்பு முடிந்து பார்க்கலாம் என்று நினைத்தவர்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் போய்விட்டது. அடுத்து, கணவர் வழியாகக் குடியுரிமை பெற்ற வெளிநாட்டு மனைவியின் மணவாழ்வு இரண்டு ஆண்டுக்குள் முறிந்தால் அந்தக் குடியுரிமை பறிபோகலாம். அந்த இரண்டு ஆண்டு முன்பு நிகாஹ் நாளிலிருந்து கணக்கிடப்பட்டது. இனிக் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து. ஊரிலிருந்து மருமகள் எடுத்த குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் முன்வைக்கப்பட்ட திட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தது. பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கும் சட்டம் தானாகவே தந்த குடியுரிமையை, விண்ணப்பித்துப் பெறுவதாக மாற்றும் யோசனைகள் அதில் இருந்தன. சமூக அமைப்புகளும் வழக்கறிஞர்களும் எம்.பி.க்களும் குரல் கொடுத்தார்கள். 2024 மார்ச் மாதத்தில் அரசாங்கம் அந்த இரண்டையும் கைவிட்டது. மார்ச் 25 அன்று மசோதா மக்களவையில் தாக்கலானது. அக்டோபர் 17 அன்று 206 உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவையானது 148. டிசம்பரில் மேலவையும் நிறைவேற்றியது. குடியுரிமைப் பகுதியைத் திருத்த மலாய் ஆட்சியாளர்கள் மன்றத்தின் இணக்கமும் வேண்டும்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மசோதாவாக இருக்கும்போது சொன்ன சொல் எடுபட்டது. நிறைவேறிய பிறகு அதே சொல்லைச் சொல்ல நீதிமன்றப் படி ஏற வேண்டும்; அதற்குப் பணமும் வேண்டும், காலமும் வேண்டும். அன்று குரல் கொடுத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அடுத்த மசோதாவின்போது அந்தக் குரலில் நம் ஜமாஅத்தின் குரலும் சேர வேண்டும்.

மசோதா நிறைவேறினால் மறுநாளே நடப்புக்கு வந்துவிடாது. மாமன்னரின் ஒப்புதல், அரசிதழ் அறிவிப்பு, நடப்புக்கு வரும் தேதி என்று படிகள் உண்டு. அந்தத் தேதிக்கு முந்தைய நாள் வரை பழைய சொற்களே சட்டம். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் உடனே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'வார்கனெகாரா' என்று போட்டிருக்கிறதா, 'புக்கான் வார்கனெகாரா' என்று போட்டிருக்கிறதா? 12 வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் போகும்போதுதான் இதைக் கவனிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இரண்டு, நிகாஹ் தஃப்தரில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. சமய இலாகாவில் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். பதிவில்லாத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை சேராமல், தாயின் நிலை மட்டுமே பார்க்கப்படும் ஆபத்து உண்டு.

மூன்று, வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது.

நான்கு, சிவப்புக் கார்டு வைத்திருக்கும் அத்தா, நன்னி, மாமா யாராக இருந்தாலும் தேசியப் பதிவு இலாகாவில் குடியுரிமைக்கு மனுச் செய்ய வையுங்கள். மலாய்மொழி நேர்காணலுக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் அந்தப் பயம் போய்விடும்.

ஐந்து, விண்ணப்பித்துக் காத்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 18 வயது எப்போது ஆகிறது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

சங்க நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போட்டுப் படிவம் எழுதிக் கொடுங்கள். கல்லூரியில் சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளை அங்கே உட்கார வையுங்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் செய்தி சொல்லி அனுப்புங்கள். வருகிறவர் நம் ஜமாஅத்தா, வேற்றுச் சமயத்தவரா என்று பார்க்க வேண்டாம். ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் நாம்.

கொடுக்கல் வாங்கலைக் கூட எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பிள்ளையின் பிறப்பையும் திருமணத்தையும் முறையாகப் பதிவு செய்வது அதைவிடக் குறைந்த கடமையாக இருக்க முடியாது. இந்தப் பொன்விழா ஆண்டு முடிவதற்குள், காகிதம் சரியில்லாத குடும்பம் ஒன்றுகூட நம் ஜமாஅத்தில் இல்லை என்ற நிலையை உருவாக்குவோம், இன்ஷா அல்லாஹ்.